கால்வாய்ப் படகுகளும் கணக்கில் வராத ஓய்வும்

தமிழில் ‘ஏரிக் கப்பல்’ என்றொரு சொல் கிடையாது. வட அமெரிக்காவின் பேரேரிகளில் ஓடி ஓய்ந்த சரக்குக் கப்பல்களைப் பற்றி அண்மையில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் இந்த இன்மை என் கவனத்துக்கு வந்தது. நமக்கு ஏரி என்றால் பாசனம். பெய்யும் மழையைக் கரைகட்டித் தேக்கி, மதகு திறந்து வயலுக்கு அனுப்பும் ஏற்பாடு. நான் வாழும் தென்னேரியின் கரையில் நின்று பார்த்தால், நீர் நிறைந்த ஆண்டுகளில் மறுகரை ஒரு மங்கிய கோடாகத்தான் தெரியும். காஞ்சிபுரம் வட்டாரத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று அது. அத்தனை தண்ணீர் இருந்தும் அதன்மேல் எவரும் மூட்டை ஏற்றிப் படகு செலுத்தியதில்லை. செலுத்த வேண்டிய தேவையுமில்லை. ஏரியைக் கடப்பதைவிட ஏரிக்கரைமேல் மாட்டுவண்டி ஓட்டுவது எளிது.

ஆனால் இந்த ஊரின் பெயருக்குள்ளேயே அலை ஒன்று இருக்கிறது. ‘திரையன் ஏரி’ என்பதே தென்னேரி என மருவிற்று என்பது அறிஞர் சிலரின் கருத்து. திரை என்றால் அலை. தொண்டைக் கொடியோடு கடலலை கொண்டுவந்து சேர்த்த குழந்தை திரையன் ஆனான் என்பது தொண்டைமான் இளந்திரையனைப் பற்றி வழங்கும் பழங்கதை. அவனைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியதுதான் பெரும்பாணாற்றுப்படை. அதில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகிறது, கப்பல்கள் வருகின்றன, திசை தவறிய கலங்களைக் கரைக்கு அழைக்க உயர்ந்த மாடத்தில் விளக்கு எரிகிறது. நெசவும் கோயிலும் தவிரக் காஞ்சியை வேறெதனோடும் சேர்த்து நினைக்காத நமக்கு, அக்காஞ்சியின் மன்னனைப் பாடிய பாட்டில் கப்பல் வருவது சற்று வியப்பாகவே இருக்கும். எம்.ஏ. வகுப்பில் ஆண்டுதோறும் மாணவர்களின் முகத்தில் அந்த வியப்பை நான் பார்க்கிறேன்.

அதே புலவர் பாடிய இன்னொரு பாட்டு பட்டினப்பாலை. காவிரிப்பூம்பட்டினத்தின் உப்பங்கழியில், உப்பை விற்று அதற்கு மாற்றாக நெல்லை ஏற்றி வந்த படகுகள் கட்டிக் கிடக்கின்றன. இலாயத்தில் வரிசையாகக் கட்டப்பட்ட குதிரைகளோடு புலவர் அவற்றை ஒப்பிடுகிறார். அப்படகுகளுக்குப் ‘பஃறி’ என்று பெயர். பாய்மரம் விரித்துக் கடல் கடந்த நாவாய் அல்ல, அரசன் ஏறிய ஓடமும் அல்ல. உப்பும் நெல்லும் சுமந்த சாதாரணச் சரக்குப் படகு. அதற்கும் மூன்று அடி இடம் கொடுத்தார் கண்ணனார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்குப் பிறகு, உள்நாட்டு நீர்வழியில் நடந்த ஒரு பண்டமாற்று வாணிகத்தை நாம் கண்ணால் காண்பதுபோல் காண்பதற்கு அந்த மூன்று அடிகளே போதுமானவையாக இருக்கின்றன.

இக்கட்டுரையில் நான் பேச விரும்புவது அதற்கு மிகப் பிந்திய, நம் தந்தையர் காலம்வரை ஓடிய, ஆனால் பஃறிக்குக் கிடைத்த மூன்று அடிகளில் பாதிகூடக் கிடைக்காத படகுகளைப் பற்றி. பக்கிங்காம் கால்வாயில் ஓடிய சரக்குப் படகுகள் அவை.

முதலில் அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒன்டாரியோ என்னும் ஐந்து பேரேரிகளிலும் இரும்புத்தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல், தானியம் ஆகியவற்றைச் சுமக்கவென்றே தனி வடிவத்தில் கப்பல்கள் கட்டப்பட்டன. நீண்டு ஒடுங்கிய உடல். பூட்டுமதகுகளின் அகலத்துக்கு ஏற்ற இடை. அந்த ஏரிகள் நன்னீர் ஏரிகள் என்பதால், கடலில் ஓடும் கப்பலை அரிக்கும் உப்பு அவற்றை அரிப்பதில்லை. எனவே அவற்றின் ஆயுள் நம்ப முடியாத அளவுக்கு நீள்கிறது. 1906-ஆம் ஆண்டு நீரில் இறக்கப்பட்ட ஒரு கப்பல், பலமுறை பெயர் மாறி, கடைசியாக ‘செயின்ட் மேரிஸ் சேலஞ்சர்’ என்னும் பெயரில் 2013 வரை தன் எஞ்சினின் வலிமையிலேயே ஓடியது. அதன் பிறகும் அதை உடைத்துவிடவில்லை. எஞ்சினை அகற்றி, இழுவைக் கப்பல் தள்ளிச்செல்லும் மிதவையாக மாற்றினார்கள். 1925-இல் கட்டப்பட்ட ‘வில்லியம் ஜி. மாத்தர்’ 1980-இல் ஓய்வு பெற்று, இப்போது கிளீவ்லாந்து நகரின் ஏரிக்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அதன் எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார்க்கிறார்கள். 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியின் புயலில் 29 பேரோடு மூழ்கிய ‘எட்மண்ட் ஃபிட்ஜெரால்ட்’ ஒரு பாடலாகவே ஆகிவிட்டது. எல்லாக் கப்பல்களுக்கும் இந்தப் பேறு கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானவை பழைய இரும்பு விலைக்கே போயின. ஆனால் அவை எப்போது கட்டப்பட்டன, என்ன சுமந்தன, யாருக்குக் கைமாறின, எங்கே உடைக்கப்பட்டன என்பதை ஒருவர் தேடினால் கிடைக்கும். ஓய்வு என்பதற்கு அங்கே ஒரு தேதி இருக்கிறது.

நம் பக்கம் திரும்புவோம்.

1806-ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து எண்ணூர்வரை ஒரு கால்வாய் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பசில் கோக்ரேன் என்பவர் தம் பணத்தைப் போட்டு வெட்டிச் சுங்கம் வசூலித்துக்கொண்டதால் அது கோக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர் அது பழவேற்காடு ஏரிவரை நீண்டது. 1837-இல் அரசு எடுத்துக்கொண்டது. வடக்கே கிருஷ்ணை ஆற்றுக் கால்வாய்களோடும் தெற்கே மரக்காணத்தோடும் இணைந்தது. மொத்தம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதில் சுமார் 160 கிலோமீட்டர் இன்றைய தமிழ்நாட்டில் இருக்கிறது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் மட்டும் நெடுநாள் வெட்டப்படாமல் இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், சோற்றுக்காக நகரத்துக்கு வந்து சேர்ந்த மக்களைக் கொண்டு பஞ்ச நிவாரண வேலையாக அதை வெட்டி முடித்தார்கள். பெயர் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனுக்குப் போயிற்று. எலும்பும் தோலுமாக மண் சுமந்தவர்களின் பெயரை எந்தக் கால்வாய்க்கும் சூட்டுவதில்லை என்பது உலக வழக்கம்தான். இருந்தாலும் ஒவ்வொரு முறை அந்தப் பெயரைச் சொல்லும்போதும் எனக்கு அந்த மண்கூடைகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

இந்த நீர்வழியின் நடுவேதான் நம் மொழியில் ‘ஏரி’ என்றே வழங்கும் பழவேற்காடு வருகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி அதுதான். ஆழம் குறைவு, பரப்பு மிகுதி. இருபுறமும் கரைகட்டிய கால்வாயில் வந்த படகு, இங்கே திறந்த நீர்ப்பரப்புக்குள் நுழைய வேண்டும். கரையிலிருந்து கயிறு கட்டி இழுக்க இங்கே வழியில்லை. பாய் விரிக்க வேண்டும், அல்லது நீண்ட கழியைத் தரையில் ஊன்றித் தள்ள வேண்டும். ஆகவே தமிழில் ஏரிச் சரக்குக் கப்பல் என்று சொல்லத் தக்கது ஏதேனும் உண்டென்றால், அது பழவேற்காட்டைக் கடந்து சென்னைக்கு வந்த இந்தத் தட்டையடிப் படகுதான்.

என்ன ஏற்றி வந்தன? முதலாவது விறகு. மண்ணெண்ணெய் அடுப்பும் எரிவாயு அடுப்பும் வரும்வரை சென்னை மாநகரம் சமைத்தது விறகில்தான். ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காட்டு விறகும் கடலோரத் தோப்புகளின் சவுக்குக் கட்டையும் படகு படகாக வந்து இறங்கின. சென்னையில் விறகு விற்கும் இடத்துக்கு ‘விறகுத்தொட்டி’ என்று பெயர். அந்தத் தொட்டிகளுக்கு இரை போட்டவை இந்தப் படகுகள். பிறகு உப்பு. கால்வாயை ஒட்டியே உப்பளங்கள் இருந்தன. அளத்திலிருந்து படகு, படகிலிருந்து பண்டகசாலை. பழவேற்காட்டு ஏரியில் வாரிய கிளிஞ்சல், நகரத்து வீடுகளுக்குச் சுண்ணாம்பாயிற்று. ஆந்திரப் பக்கத்திலிருந்து நெல்லும் வந்தது. பேசின் பிரிட்ஜ் என்று நாம் ரயில் நிலையமாக மட்டும் அறிந்திருக்கும் பெயரில் உள்ள ‘பேசின்’, இந்தப் படகுகள் வந்து தங்கிய நீர்த்துறையைக் குறிப்பது. திருவல்லிக்கேணியை ஒட்டிய லாக் நகரின் பெயரில் இருப்பது அந்தக் கால்வாயின் பூட்டுமதகு. படகு இருந்ததற்கான சான்றை நகரம் இப்படிப் பெயர்களில் வைத்திருக்கிறது. பெயரைச் சொல்கிறவர்களுக்குப் பொருள் தெரியாது, அவ்வளவுதான்.

இதை ஏதோ முற்காலக் கதையாக நினைத்துவிட வேண்டாம். 1960-61-ஆம் ஆண்டில்கூட 1,200-க்கும் மேற்பட்ட படகுகள் இந்தக் கால்வாயில் ஓடின. 2 இலட்சம் டன்னுக்கும் மேல் சரக்கு ஏற்றின. பாடப்புத்தகங்களில் நாம் படிக்கிற எத்தனையோ தமிழ் நாவல்கள் எழுதப்பட்டுவிட்ட காலம் அது. நாவலாசிரியர்கள் பலர் அந்தக் கால்வாயின் பாலங்களைக் கடந்துதான் நாள்தோறும் பத்திரிகை அலுவலகத்துக்குப் போயிருப்பார்கள்.

பாலத்தின் கீழே போன படகு எத்தனை பேரின் எழுத்துக்குள் வந்தது? பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாய் வழியாக மாமல்லபுரத்துக்குப் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாட்டாக்கினார். பேருந்துச் சாலை மேம்படுவதற்கு முன்னால் மாமல்லபுரம் போக அதுவே இயல்பான வழி. இன்னும் சில கட்டுரைகள், சில நினைவுக் குறிப்புகள் உண்டு. அவையெல்லாம் பெரும்பாலும் பயணியின் பார்வைகள். நிலவு, நீர், காற்று, கரையோரத் தென்னை. சரக்கு ஏற்றிய படகுக்குள் உட்கார்ந்து எழுதியவர் என் வாசிப்பில் எவருமில்லை. வண்டிக்காரனுக்கும் உழவனுக்கும் நெசவாளிக்கும் நம் உரைநடையில் கிடைத்த இடம் கால்வாய்க்காரனுக்குக் கிடைக்கவில்லை. கடலோடியைப் பற்றிக்கூட நல்ல நாவல்கள் வந்துவிட்டன. கடலுக்கு ஒரு வீரம் இருக்கிறது. புயல், சுறா, மரணம் எல்லாம் இருக்கின்றன. இடுப்பளவு உப்புத் தண்ணீரில் விறகு ஏற்றிக்கொண்டு மெல்ல நகரும் படகுக்கு அந்தக் கவர்ச்சி கிடையாது. காரணம் இவ்வளவு எளிமையானதுதான் என்று நினைக்கிறேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் நாட்டுப்புறப் பாடல் தொகுப்பதற்காக என் மாணவர்கள் சிலரோடு கோவளத்துக்குத் தெற்கே, கால்வாய்க்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூருக்குப் போயிருந்தேன். எண்பதைக் கடந்த ஒரு பெரியவர் எங்களிடம் அகப்பட்டார். இளமையில் கால்வாயில் வேலை செய்தவர் என்று ஊரார் சொன்னார்கள். மாணவி ஒருத்தி குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, “தாத்தா, நீங்க படகோட்டியா இருந்தீங்களா?” என்று தொடங்கினாள். அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. “ஓட்டறதுக்கு அது இன்னா வண்டியா கண்ணு? இழுத்துக்கினு போனோம்” என்றார். பிறகு சட்டையில்லாத தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

அன்று அவர் சொன்னவற்றின் சாரம் இது. காற்று வாகாக இருந்தால் பாய்; இல்லையென்றால் வடம். வடத்தின் ஒரு முனை படகில், மறுமுனை கரையில் நடப்பவர்களின் தோளில். ஒருவர் படகிலேயே நின்று சுக்கானைப் பிடித்துக் கரையில் முட்டாமல் பார்த்துக்கொள்வார். கரையெங்கும் இழுப்பதற்கென்றே ஒற்றையடிப் பாதை உண்டு. மழைக்காலத்தில் அது களியாகிவிடும். எதிரே இன்னொரு படகு வந்தால் யார் வடத்தைத் தாழ்த்துவது என்று சண்டை வரும். பூட்டுமதகில் காத்திருக்கும்போதுதான் சோறு. முன்கதவைத் திறந்து படகை உள்ளே விட்டு, கதவை மூடி, நீர்மட்டம் அடுத்த பக்கத்துக்குச் சமமாகும்வரை காத்து, பின்கதவைத் திறப்பது வழக்கம். அந்த நேரம்தான் அவர்களுக்கு ஓய்வு. பாட்டு உண்டா என்று கேட்டோம். “மூச்சு வாங்கற நேரத்துல இன்னா பாட்டு?” என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இரவில் தூக்கம் வராமலிருக்கப் பாடுவதுண்டு என்றார். பாடச் சொன்னபோது வெட்கப்பட்டார்.

காஞ்சிபுரத்துக்காரர்களாகிய எங்களுக்கு வடம் பிடிப்பது பழக்கமான வேலைதான். வைகாசியில் வரதர் தேருக்கு வடம் பிடிக்க ஊரே முண்டியடிக்கும். தேர்வடம் பிடித்தால் புண்ணியம், படகுவடம் பிடித்தால் கூலி. கையும் தோளும் செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றே. தேரிழுப்பைப் பற்றி எத்தனை பாட்டு, எத்தனை கல்வெட்டு, எத்தனை தலபுராணம்!

படகுகள் எப்படி ஓய்ந்தன என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சென்னையையும் விசயவாடாவையும் இணைக்கும் கடலோர ரயில் பாதை வந்துவிட்டது. விரைந்து போக வேண்டிய சரக்கு அப்போதே ரயிலுக்கு மாறியது. எஞ்சியவை விறகும் உப்பும் போன்ற, விலை குறைந்த, அவசரமில்லாத பண்டங்கள். அவற்றை லாரி எடுத்துக்கொண்டது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தன. பழுது பார்ப்பதற்குச் செலவிட அரசுக்கு மனமில்லை, ஏனென்றால் அதற்குள் படகுகள் குறையத் தொடங்கியிருந்தன. படகு குறைந்ததால் தூர் வாரவில்லை. தூர் வாராததால் படகு மேலும் குறைந்தது. விறகுக்காடாக இருந்த ஸ்ரீஹரிகோட்டா 1971-இல் முதல் ஆய்வு ராக்கெட்டை விண்ணுக்கு அனுப்பியது. நகரத்துக்குள் கால்வாய் சாக்கடையாயிற்று. 1990-களில் பறக்கும் ரயிலுக்கான தூண்களைக் கால்வாயின் படுகையிலேயே ஊன்றினார்கள். அந்தத் தூண்கள் நட்ட நாளோடு, மனம் வைத்தால் மீண்டும் படகு விடலாம் என்கிற வாய்ப்பும் நகரப் பகுதியில் போய்விட்டது. இத்தனைக்கும் பிறகு 2008-இல் இந்தக் கால்வாயை உள்ளடக்கிய காக்கிநாடா-புதுச்சேரி வழியைத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். நகைச்சுவை உணர்வு அரசாங்கங்களுக்கும் உண்டு.

அந்தப் பெரியவரிடம் அவருடைய படகு கடைசியில் என்னவாயிற்று என்று கேட்டேன். படகு அவருடையதல்ல, முதலாளியுடையது. கொஞ்ச நாள் கரையிலேயே கிடந்ததாம். மரப்படகை ஆண்டுதோறும் கரையேற்றிப் பழுது பார்க்காவிட்டால் உளுத்துப்போகும். பலகை பலகையாக ஆளுக்கொன்று எடுத்துப் போனார்களாம். “வெறகு ஏத்துன படகு வாத்தியாரே, வெறகாவே பூட்ச்சி” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அதில் வருத்தம் ஒன்றும் எனக்குத் தென்படவில்லை. அவருக்கு அந்த வேலையிலிருந்து தப்பித்த நிம்மதி இருந்தது; பிள்ளைகள் கட்டட வேலைக்கும் பிறகு ஓட்டுநர் வேலைக்கும் போனதைப் பெருமையாகச் சொன்னார்.

இங்கேதான் நான் என் நண்பர்கள் சிலரோடு மாறுபடுகிறேன். பழைய நீர்வழிகளைப் பற்றிப் பேச்செடுத்தால், ஆகா எத்தகைய பொற்காலம், மாசில்லாத போக்குவரத்து, நிலாப் பயணம் என்று உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோளைப் பார்த்தவர்கள் அப்படி உருக மாட்டார்கள். மனிதனை மாடுபோல் கட்டி இழுக்கவைத்த தொழில் அழிந்ததற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. படகு ஓய்ந்தது நல்லது. இன்னொரு சாரார், அழிந்தது அழிந்தது, பயனற்றுப் போனதைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்பார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தொழில் கொடியது என்பதே அதைப் பதிவு செய்வதற்கான முதற்காரணம். இனிய தொழில்கள் எப்படியும் யாராவது ஒரு கவிஞரின் கண்ணில் பட்டுவிடும்.

கேரளத்தில் நடந்ததை இங்கே ஒப்பிடலாம். குட்டநாட்டிலிருந்து வேம்பநாட்டுக் காயல் வழியாகக் கொச்சிக்கு நெல் சுமந்த படகுகளுக்குக் ‘கெட்டுவள்ளம்’ என்று பெயர். அயினி மரப் பலகைகளை இரும்பாணி இல்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் கட்டித் தைத்தவை. கெட்டு என்பது நம் கட்டுதான். சாலைகளும் பாலங்களும் வந்தபின் அவையும் வேலையிழந்தன. 1990-களில் அவற்றின்மேல் மூங்கில் கூரை வேய்ந்து சுற்றுலாப் பயணிகளுக்கான படகுவீடுகளாக மாற்றினார்கள். நெல்மூட்டை இருந்த இடத்தில் இன்று குளிரூட்டிய படுக்கையறை. இதைக் கேலி செய்வது எளிது. காயலில் சேரும் கழிவைப் பற்றிய புகார்களும் நியாயமானவை. ஆனால் அந்த ஓய்வு, ஓய்வுக்குப் பிந்தைய வேலையாக இருந்ததால் படகு கட்டும் ஆசாரிகளின் கை மறதிக்குள் போகவில்லை. கயிற்றால் பலகை தைக்கத் தெரிந்தவர் இன்றும் அங்கே இருக்கிறார். கொல்கத்தாவில் வங்கத்துப் படகு வகைகளின் மாதிரிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். நம்மிடம் பக்கிங்காம் கால்வாய்ச் சரக்குப் படகின் அளவு மாறாத ஒரு மரமாதிரி செய்ய வேண்டுமென்றால், யாரைக் கேட்பது?

தமிழர் கட்டிய மரக்கப்பல்களில் வாழ்க்கை வரலாறு கிடைத்த ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’. ஓர் அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகளே செலுத்தி, 1938-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் கொண்டு சேர்த்தார்கள். பெயரும் மாறிற்று. அந்தக் கப்பலைப் பற்றி இன்று வல்வெட்டித்துறைக்காரர்கள் பெருமையோடு பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் நினைத்துப் பாருங்கள்: அதே துறையில் அதே கைகள் கட்டிய பிற கப்பல்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? வெளியார் ஒருவர் விலை கொடுத்தால்தான் நம் பொருளுக்கு நம்மிடமே வரலாறு உண்டாகிறது.

1890-ஆம் ஆண்டின் கால்வாய்கள், பொதுத் துறைகள் சட்டம் படகுகளுக்குப் பதிவும் உரிமமும் வேண்டும் என்றது. அப்படியானால் ஒவ்வொரு படகுக்கும் ஒரு எண் இருந்திருக்கும், ஓர் உரிமையாளர் பெயர் இருந்திருக்கும், சுங்கக் கணக்கு இருந்திருக்கும். ஆவணங்களைத் தேடுவது வரலாற்றுத் துறையினர் வேலை. அவர்கள் செய்வார்கள் என்று நம்புவோம். எனக்கு என் துறையைப் பற்றித்தான் கவலை. தமிழ் முதுகலைப் பட்டத்துக்கும் அதற்கு மேலும் ஆய்வேடுகள் ஆண்டுக்காண்டு எழுதிக் குவிக்கப்படுகின்றன. ஒரே நாவலாசிரியரின் பெண் பாத்திரங்கள், ஒரே காப்பியத்தின் உவமைகள், ஒரே கவிஞரின் சமுதாயச் சிந்தனைகள். முன்னுரையும் முடிவுரையும் மட்டுமல்ல, இடையில் உள்ளவையும் ஒன்றிலிருந்து ஒன்று பெயர்க்கப்பட்டவை. நெறியாளன் என்கிற முறையில் அவற்றைப் படித்துக் கையெழுத்திடுகிற தண்டனை எனக்கு விதிக்கப்பட்டிருக்கிறது. எண்ணூரிலிருந்து மரக்காணம்வரை கால்வாயோரம் நடந்து, அங்கே மிச்சமிருக்கும் கிழவர்களிடம் நூறு சொற்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வருகிற மாணவனுக்கு நான் எந்தக் கேள்வியும் இல்லாமல் முதல் வகுப்புத் தருவேன். பட்டினப்பாலைக்கு உரை சொல்லும்போது பஃறி என்பதற்குப் ‘படகு’ என்று ஒரு சொல்லில் பொருள் எழுதிக் கடந்துபோகிறோம். அதன் அடிப்பகுதி தட்டையா குழிவா, அது எவ்வளவு சுமக்கும், எதிர்நீரில் எத்தனை பேர் தள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஊகிக்க உதவக்கூடிய மனிதர்கள் நம் காலத்தில், நம் மாவட்டத்துக் கடற்கரையில் வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். 1960-இல் இருபது வயதில் வடம் இழுத்தவருக்கு இப்போது எண்பத்தைந்துக்கும் மேல். இதற்கு மேல் அவசரத்தை எப்படிச் சொல்வது?

நாங்கள் அன்று கொண்டுவந்த சொற்கள் முப்பதுக்குள் அடங்கும். அவற்றுள் பாதி தெலுங்கும் ஆங்கிலமும் கலந்தவை. அதில் வியப்பில்லை, நெல்லூர்க்காரரும் சென்னைக்காரரும் ஒரே மதகில் காத்துக் கிடந்த வழி அது. ஒரு சொல் மட்டும் கிடைக்கவில்லை. வடத்தின் கரைமுனையில், தோளில் பதிந்து அறுக்காமலிருக்கத் துணியோ சாக்கோ சுற்றி ஒரு வளையம் போட்டிருப்பார்களாம். அதற்கு ஒரு பெயர் இருந்தது என்று பெரியவர் உறுதியாகச் சொன்னார். நெற்றியைத் தடவிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். வரவில்லை. “எங்க அண்ணனுக்குத் தெரியும், மரக்காணத்துல பொண்ணு வூட்ல கீறாரு” என்றார். இந்தப் பங்குனித் தேர்வு முடிந்ததும் இரண்டாமாண்டு மாணவர்கள் நால்வரை அழைத்துக்கொண்டு மரக்காணம் போவதாக இருக்கிறேன்.